வியாழக்கிழமை யாருமே வரலன்னு சொன்னீங்களே: மாவட்ட சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்க மாவட்ட சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு,

அக்டோபர் 2 கிராம சபைல புளியமரத்தடில ரெண்டு பிள்ளைங்களோட நின்னுகிட்டு கேள்வி கேட்டது நான்தான். மாசத்துக்கு ரெண்டு வியாழக்கிழமை எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துட்டு இருந்த மனநல டீம் ஏன் நின்னு போச்சுன்னு கேட்டேன். உங்க சார்பா வந்திருந்த சார் மைக்க பிடிச்சுகிட்டு "கேஸே வரலம்மா, அதான் ஜி.எச்.சுக்கு மாத்திட்டோம்"னு சொன்னாரு. பிள்ள பெத்தவங்களுக்கு இது வேணும் சார்னு நான் விடாம சொன்னதுக்கு, "அந்த டிப்ரஷன் எல்லாம் சிட்டி ப்ராப்ளம்மா, இங்க கூட்டுக்குடும்பம், மாமியார் மாமனார் எல்லாம் கூடவே இருக்காங்க, நல்லா பாத்துக்குவாங்க"ன்னாரு. நாலு பேரு தலையாட்டினாங்க, ஒரு பெரியவரு கை தட்டவே செஞ்சாரு. அப்புறம் தெரு விளக்கு மேட்டருக்கு போயிட்டாங்க.

அன்னிக்கு எனக்கு வாய் அடைச்சு போச்சு, அதான் இப்ப எழுதறேன். ஏன்னா எனக்கு அந்த "சிட்டி ப்ராப்ளம்" ரெண்டு தடவ வந்துது. ஒண்ணு இதே ஊர்ல, கூட்டுக்குடும்பத்துக்கு நடுவுல. இன்னொன்னு சென்னைல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, ஆனா சார் சொன்ன வித்தியாசம் இல்ல.

முதல் பொண்ணு 2018 ஐப்பசில பொறந்தா. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு வந்தப்பவே எனக்கு தூக்கம் போயிடுச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா விடிய விடிய கூரையையே பாத்துட்டு படுத்திருப்பேன். வயித்துப்பிள்ளக்காரிக்கு தூக்கம் எங்கடி வரும், பெத்துட்டா எல்லாம் சரியாயிடும்னாங்க. பெத்தேன். பொண்ணு. பாக்க வந்த ஒவ்வொருத்தரும் "பரவால்ல, மகாலட்சுமி வந்திருக்கா"ன்னாங்க, அந்த "பரவால்ல" எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க. மாமியார் பதினோராம் நாள் வந்தாங்க, தொட்டில ஒரு தடவ எட்டி பாத்தாங்க, காபி கூட குடிக்காம பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க.

வீட்ல அப்ப ஒம்போது பேரு. பத்தியத்துக்கு பூண்டுக்குழம்பு, சுட்ட கருவாடு, வெறும் வயித்துல மருந்து உருண்டை, எதுலயும் கொற சொல்ல முடியாது. ஆனா கண்ணுல தண்ணி வந்தா போதும், "பச்ச ஒடம்புக்காரி அழாதடி, ஜன்னி கண்டுடும்"னு ஆளுக்கு ஒரு பக்கம் சத்தம் போடுவாங்க. அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அத்த எனக்கு சுடுதண்ணி ஊத்துவாங்க இல்ல, முதுகுல சுளீர்னு ஊத்தும்போது அழுதுடுவேன், மூஞ்சி எப்படியும் நனைஞ்சுதான இருக்கு. தெனம் காலைல அந்த பத்து நிமிஷத்துக்காக காத்துகிட்டு இருப்பேன்.

குழந்த அழுதா எனக்கு ஒண்ணுமே தோணாது. பக்கத்து வீட்டு குழந்த அழற மாதிரி இருக்கும். நான் இல்லாம இருந்தா இந்த பொண்ணு நல்லா வளரும்னு ஒரு நெனப்பு, அது வந்து வந்து போகும். யார்கிட்ட சொல்றது? ரெண்டாவது வாரம் காத்து கருப்பு பட்டிருக்கும்னு பக்கத்து ஊரு பூசாரிகிட்ட கூட்டிட்டு போனாங்க. நான் அத கேலி பண்ணல, அவராவது என் மூஞ்சிய பாத்து "என்னம்மா பண்ணுது உனக்கு"ன்னு கேட்டாரு. அதுக்கும் எங்க அத்ததான் பதில் சொன்னாங்க.

நர்சம்மாவும் வந்தாங்க. குழந்தைய துணில போட்டு தராசுல தொங்க விட்டு எடை பாத்தாங்க, தொப்புள் பாத்தாங்க, காய்ச்சல் இருக்கா, தையல் ஆறிடுச்சா, உதிரம் எப்படி போகுது, பால் சரியா வருதா, காப்பர் டி போட்டுக்கறியான்னு கேட்டு எல்லாத்தையும் அந்த பெரிய ரெஜிஸ்டர்ல எழுதினாங்க. போகும்போது செருப்ப மாட்டிகிட்டே "வேற ஒண்ணும் பிரச்சன இல்லயேம்மா"ன்னாங்க. நான் வாய தொறக்கறதுக்குள்ள அம்மா சொல்லிட்டாங்க, "அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா, சரியா சாப்பிடத்தான் மாட்டேங்கறா"ன்னு. நர்சம்மாவும் சிரிச்சாங்க, அம்மாவும் சிரிச்சாங்க, முடிஞ்சு போச்சு. அம்மா மேல எனக்கு கோவம் இல்ல, நர்சம்மா மேலயும் இல்ல, அவங்களுக்கு அன்னிக்கு இன்னும் ரெண்டு ஊரு பாக்கி இருந்துது. ஆனா அந்த வீட்ல என்கிட்ட கேட்ட எந்த கேள்விக்கும் நான் பதில் சொன்னதே இல்ல. சார் சொல்ற கூட்டுக்குடும்பம் எனக்கு இப்படித்தான் இருந்துது.

இப்ப முக்கியமான விஷயம் சொல்றேன், "கேஸே வரல"ன்னீங்க இல்ல. நான் வந்தேன் சார். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. குழந்தைக்கு ஒன்றரை மாச ஊசி போட வந்தப்ப ஒரு தடவ, ரெண்டரை மாச ஊசிக்கு வந்தப்ப ஒரு தடவ. ரெண்டும் புதன்கிழமை. நெஞ்ச அடைக்குது, கை கால் எரியுது, தல பாரமா இருக்குன்னு ஓ.பி. சீட்டு வாங்கி உள்ள போனேன். ரத்தம் கம்மியா இருக்கும்னு இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு வாயு மாத்திரையும் குடுத்து அனுப்பினாங்க. எங்க ஊர்ல எந்த பொம்பளையும் "எனக்கு மனசு சரியில்ல"ன்னு சீட்டு வாங்க மாட்டா. அசதின்னுவா, படபடப்புன்னுவா, மசக்கைல இருந்தே இப்படித்தான்னுவா. சிட்டில இருக்கறவளுக்கு டிப்ரஷன், ஆன்சைட்டின்னு வார்த்த தெரியும், ரீல்ஸ்லயே பாத்திருப்பா, அவ அந்த வார்த்தைய சொன்னதும் அது கேஸ் ஆயிடுது. இவளோடது சத்து மாத்திரையா வீட்டுக்கு திரும்பி போகுது.

எட்டு மாசம் ஆச்சு, அதுவா தேஞ்சு தேஞ்சு போச்சு. அந்த எட்டு மாசத்துல என் பொண்ணு எப்படி இருந்தான்னு எனக்கு ஞாபகமே இல்ல, போட்டோவ பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்.

ரெண்டாவது, பையன், 2022ல. அப்ப நாங்க சென்னைல பள்ளிக்கரணை பக்கம் ரெண்டாவது மாடில ஒத்த பெட்ரூம் வீடு. ப்ரைவேட் ஆஸ்பத்திரில சிசேரியன். ஆறாம் நாளே வீட்டுக்காரர் ஷிஃப்டுக்கு போயிட்டாரு. அம்மா பதினெட்டு நாள் இருந்தாங்க, ஊர்ல ரெண்டு மாடு, அப்பாவுக்கு சோறாக்க ஆள் இல்ல, அழுதுகிட்டே பஸ் ஏறினாங்க. காலைல பொண்ண ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டா மறுபடி அவ வர்ற வரைக்கும் நானும் அந்த குழந்தையும்தான். ஒரு நாள் தண்ணி கேன் போடற தம்பி "அக்கா ஒண்ணா ரெண்டா"ன்னு கேட்டான், பதில் சொல்ல வாய தொறக்கறேன், சத்தமே வரல. மணி மூணு. அன்னிக்கு காலைல இருந்து நான் பேசப்போன முதல் வார்த்த அதுதான். போன்ல எல்லாரும் "பையனே பொறந்துட்டானே, இன்னும் என்னடி கொற உனக்கு"ன்னாங்க. ஊர்ல பொண்ணு பொறந்ததால அழறான்னாவது ஒரு காரணம் இருந்துது, இங்க அதுவும் இல்ல.

இதுலயும் ரெண்டரை மாச ஊசிதான். பக்கத்துல ஒரு சின்ன குழந்தைங்க க்ளினிக். அங்க இருந்த நர்ஸ் பொண்ணு, இருபத்து மூணு இருபத்து நாலு வயசுதான் இருக்கும், என் வீட்டுக்காரர பில்லு கட்ட அனுப்பிட்டு என் கையில ஒரு தமிழ் பேப்பரும் பேனாவும் குடுத்துச்சு. பத்து கேள்வி. முதல் கேள்வியே, போன ஏழு நாள்ல நடக்கறதுல இருக்கற வேடிக்கைய பாத்து உங்களால சிரிக்க முடிஞ்சுதாங்கற மாதிரி. நான் அதுலயே நின்னுட்டேன். பேனா ஓடல. கடைசியா என்னய நானே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுச்சாங்கறது. 30க்கு 19 வந்துது, அதுல மதிப்பெண் அதிகமா வந்தா நல்லதில்ல. அந்த பொண்ணு கூட்டி பாத்துட்டு "அக்கா, நீங்க உக்காருங்க, இன்னிக்கே டாக்டர பாத்துட்டுதான் போகணும்"னுச்சு. அவ்ளோதான். அஞ்சு நிமிஷம். பால் குடுக்கறவங்க சாப்பிடக்கூடிய மாத்திரையா பாத்து எழுதி குடுத்தாங்க, கவுன்சிலிங் ஆறு சிட்டிங், ஒரு சிட்டிங்குக்கு 1,200 ரூபாய், எங்க வீட்டு வாடகையில பாதிக்கு மேல அதுலயே போச்சு. ஆனா மூணு மாசத்துல பையன் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துது.

அதுக்காக சிட்டின்னா சொர்க்கம்னு சொல்ல வரல. எனக்கு தெருமுனைல அந்த க்ளினிக் இருந்தது அதிர்ஷ்டம். எங்க அபார்ட்மென்ட்ல பாத்திரம் தேய்க்க வர்ற அக்கா கண்ணகி நகர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வருவாங்க, சிசேரியன் ஆன நாப்பத்தஞ்சாம் நாள் வேலைக்கு திரும்பினவங்க. நான் இந்த பேப்பர் கதைய சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "எங்கள எல்லாம் யாரு பாப்பா கேப்பா"ன்னாங்க. அவங்களும் உங்க கணக்குல சிட்டிதான்.

அந்த பத்து கேள்வி என்னன்னு அப்புறம்தான் தேடி படிச்சேன். எடின்பரோ ஸ்கேல்னு பேரு, 1987ல வந்தது. தமிழ்ல மாத்தி நம்ம தமிழ்நாட்டு கிராமத்து பொம்பளைங்களுக்கு ஒத்து வருதான்னு சோதிச்சு பாத்து 2005லயே கட்டுரையும் வந்தாச்சு. அதுக்கும் முன்னாடி 2002ல வேலூர் சி.எம்.சி. டாக்டருங்க கணியம்பாடி வட்டாரத்து கிராமங்கள்ல கர்ப்பிணியா இருக்கறப்பவே பொண்ணுங்கள பாத்து பேசி, பிரசவமாகி 6ல இருந்து 12 வாரத்துல திரும்ப போய் பாத்திருக்காங்க. 100க்கு 11 பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் புதுசா டிப்ரஷன் வந்திருக்கு. காரணம்னு அவங்க எழுதி வச்சத படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துடுச்சு. வருமானம் கம்மி, பையன எதிர்பாத்து பொண்ணு பொறந்தது, மாமியாரோடவும் பெத்தவங்களோடவும் ஒத்துப்போகாதது, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. சார், அந்த லிஸ்ட்ல ரெண்டு மூணு விஷயம் நீங்க சொன்ன கூட்டுக்குடும்பத்துக்குள்ளதான் இருக்கு.

உங்க சார் சிட்டி ப்ராப்ளம்னு சொன்னதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்குமோன்னும் பாத்தேன், நியாயமா பாக்கணும் இல்ல. இருக்கு, பாதி. 2017ல உலக சுகாதார நிறுவனத்தோட பத்திரிகைல இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகள, 20,043 அம்மாக்கள, ஒண்ணா சேத்து கணக்கு போட்டு ஒரு கட்டுரை வந்திருக்கு. மொத்தமா 22 சதவீதம் பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரஷன். நகரத்துல 24, கிராமத்துல 17. அந்த 24ஐ மட்டும் பாத்தா சிட்டி அதிகம்னு தோணும். ஆனா இந்த வித்தியாசம் உறுதியா சொல்ற அளவுக்கு இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதுவும் போகட்டும், 17ன்னா என்ன? ஆறு பேருல ஒருத்தி. போன புதன்கிழமை எங்க ஆரம்ப சுகாதார நிலையத்து வராண்டால குழந்தையோட உக்காந்திருந்தவங்கள எண்ணினேன், பதினெட்டு பேரு. அப்ப அதுல மூணு பேரு. அந்த மூணு பேரு யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதே கட்டுரைல தென்னிந்தியாவுக்குத்தான் அதிகம், 26 சதவீதம். கிட்டத்தட்ட 100க்கு 100 பிரசவம் ஆஸ்பத்திரில நடக்க வச்சுட்டோம்னு நம்ம மாநிலம் பெருமைப்படுது, அது நியாயமான பெருமைதான், நானே அதோட பலன அனுபவிச்சவ. ஆனா கர்ப்பத்த பதிவு பண்ணி பிக்மி நம்பர் குடுத்து, எத்தன இரும்பு மாத்திர முழுங்கினேன்னு கூட எண்ணி எழுதி, கர்ப்பிணிங்களுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபா கணக்கு பாத்து தவணை தவணையா குடுத்து, இவ்ளோ பண்ற எடத்துல அழுகைக்குன்னு ஒரு கட்டம் இல்ல.

இப்ப அந்த வியாழக்கிழமைக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க செக்கப். புதன்கிழமை குழந்தைங்க ஊசி. நீங்க டீம அனுப்பினது வியாழக்கிழமை. அன்னிக்கு அங்க சக்கர மாத்திர வாங்க வர்ற தாத்தாங்கதான் இருப்பாங்க. வாசல்லயே "மனநல சிகிச்சை"ன்னு பெருசா ஒரு பேனர், அது கீழ ஒரு மேஜ, சுத்தி கதவு கூட இல்ல. கைக்குழந்தக்காரி ஒருத்தி, புதன்கிழமைதான் ஊசி போட்டு வந்தவ, மறுநாள் எந்த காரணத்த சொல்லி மறுபடி பஸ் ஏறுவா? மாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவா? அப்படியே வந்தாலும் அந்த பேனருக்கு கீழ உக்காந்தா சாயந்திரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும், அவளுக்கு பைத்தியம்னு. அப்புறம் கேஸ் வரலன்னு ஃபைல்ல எழுதிட்டீங்க. ஜி.எச். இங்க இருந்து 34 கிலோமீட்டர், நேர் பஸ் காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு.

ஒண்ணு சொல்லிடறேன், இதெல்லாம் நர்சம்மா தலைல இன்னொரு மூட்டைய ஏத்தறதுக்காக எழுதல. அவங்களுக்கு ஏற்கனவே ஆப்ல ஒரு தடவ, நோட்டுல ஒரு தடவன்னு ஒரே விஷயத்த ரெண்டு தடவ எழுதற வேல. அத கொறைச்சுட்டு இத குடுங்க. டாக்டர் இல்லாம இதெல்லாம் முடியுமான்னு கேக்காதீங்க, பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல நம்ம நர்சம்மா மாதிரி வீடு வீடா போற சுகாதார பணியாளருங்களுக்கு பயிற்சி குடுத்து கர்ப்பிணிங்க வீட்லயே உக்காந்து பேச வச்சு பாத்திருக்காங்க, 2008ல ரிசல்ட் வந்துது. டிப்ரஷன்ல இருந்தவங்கள்ல, அப்படி பேசின ஊர்ல குழந்த பொறந்து ஆறு மாசத்துக்கு அப்புறமும் டிப்ரஷன்லயே இருந்தது 23 சதவீதம் பேரு. சும்மா வந்து பாத்துட்டு மட்டும் போன ஊர்ல 53 சதவீதம். அந்த ஊருங்கள்ல கூட்டுக்குடும்பம் இல்லன்னா நெனைக்கறீங்க?

நான் கேக்கறது இதான்.

டீம திரும்ப அனுப்புங்க, ஆனா வியாழக்கிழமை வேணாம், புதன்கிழமை அனுப்புங்க. அந்த பேனர கழட்டிடுங்க. ஊசி போடற ரூமுக்கு பக்கத்துல பழைய ஸ்டோர் ரூம் ஒண்ணு இருக்கு, கதவு இருக்கு, தாப்பா இருக்கு, அத ஒழிச்சு குடுத்தா போதும், "தாய் நலம்"னு எழுதிக்கோங்க.

அந்த பத்து கேள்விய செவ்வாய்க்கிழமை செக்கப்ல கர்ப்பத்துலயே ஒரு தடவ, அப்புறம் ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாச ஊசி ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவ கேளுங்க. படிக்க தெரியாதவங்களுக்கு வாசிச்சு காட்டுங்க. கூட வந்தவங்கள வெளிய உக்கார வச்சுட்டு கேளுங்க, மாமியார மட்டும் சொல்லல, அம்மாவையும் புருஷனையும்தான், பதில் அவ வாயில இருந்து வரணும். நெஞ்சடைப்பு, எரிச்சல், அசதின்னு ஓ.பி.க்கு வர்ற கைக்குழந்தக்காரிக்கும் இதே பத்து கேள்வி. மதிப்பெண்ண தாய் சேய் அட்டைல எழுதாதீங்க, அத வீட்ல எல்லாரும் படிப்பாங்க, உங்க ரெஜிஸ்டர்ல வச்சுக்கோங்க.

மதிப்பெண் அதிகமா வந்தா சீட்டு எழுதி ஜி.எச்.சுக்கு போன்னு கை காட்டிடாதீங்க. அடுத்த புதன்கிழமை அதே ரூம்ல அதே ஆள் உக்காந்து பேசணும். கடைசி கேள்விக்கு ஆமான்னு சொன்னவங்கள அன்னிக்கே டாக்டர் பாக்கணும், தேவப்பட்டா வண்டி வச்சு கூட்டிட்டு போகணும், குழந்தையும் கூடவே போகணும். 2017 மனநலச் சட்டமே மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைய அம்மாகிட்ட இருந்து பொதுவா பிரிக்கக்கூடாதுன்னு சொல்லுது. மனசு சரியில்லன்னா 14416க்கு போன் பண்ணலாம்னு போஸ்டர் ஒட்டறீங்க, நல்லதுதான், இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கறாங்க, ஆனா போன் புருஷன் சட்டப்பைல இருக்கற வீடுங்களுக்கு அந்த ஸ்டோர் ரூம்லயே ஒரு போன் வைங்க.

நம்ம மாவட்டத்து டவுன்லயும் நகர்ப்புற சுகாதார நிலையங்கள்ல இதயே பண்ணுங்க, ப்ரைவேட்ல பிரசவம் ஆகற பொண்ணுங்களையும் விட்டுடாதீங்க, அவங்க குழந்தைக்கும் ஊசி எங்கயோ போடத்தான செய்யறாங்க.

கடைசியா, எத்தன வியாழக்கிழமை டீம் வந்துது, அன்னிக்கெல்லாம் எத்தன கைக்குழந்தக்காரிங்க அந்த கட்டடத்துக்குள்ள இருந்தாங்க, அதுல எத்தன பேர்கிட்ட ஒரு கேள்வியாவது கேட்டீங்கன்னு எழுத்துல பதில் குடுங்க. நவம்பர் 1 கிராம சபைல அத படிச்சு காட்டணும், அன்னிக்கும் நான் அதே மரத்தடிலதான் நிப்பேன்.

என் சித்தி பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். முதல் பிரசவம், அம்மா வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆகுது, ராத்திரி தூங்க மாட்டேங்கறா, கேட்டா வயிறு கனக்குதுன்னு சொல்றா. நாள் கணக்கு போட்டு பாத்தேன், குழந்தைக்கு ஒன்றரை மாச ஊசி தை மாசக் கடைசில ஒரு புதன்கிழமை வருது. அந்த புதன்கிழமைக்குள்ள அந்த ரூம் தொறந்திருக்கணும்.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா, உங்க மாவட்டத்துக்காரி